பட்டாளத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ராமநாதபுரத்தில் எனக்குச் சின்னதாக ஒரு நெட்வொர்க், சி.சி.டி.வி. கடை இருக்கிறது. அதற்கு முன்னால் 17 வருஷம் ராணுவத்தில் தகவல் தொடர்பைப் பார்க்கும் சிக்னல்ஸ் பிரிவு, அப்புறம் ஐந்து வருஷம் சென்னையில் ஒரு கம்பெனியில் நைட் ஷிஃப்ட். சாயல்குடி, திருப்பாலைக்குடி, மண்டபம் என்று எங்கிருந்தாவது யாராவது ஒருவர் டிஸ்சார்ஜ் புக்கைப் பாலித்தீன் கவரில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்துவிடுவார். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இங்கே போட்டிருக்கிறேன். மூன்று படைகளிலும் அதிகாரி அல்லாத நிலையில் இருந்தவர்களை மனதில் வைத்து எழுதியது.

அண்ணே, பட்டாளத்துல கம்ப்யூட்டர் வேலை பாத்தேன்னு சொன்னா வெளிய அது அனுபவமா கணக்குல வருமா?

வரும். ஆனால் அதைக் கம்பெனிக்காரருக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். "16 வருஷம் சிக்னல்ஸில் இருந்தேன்" என்று மட்டும் சொன்னால் மரியாதையாக டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு லிங்க் விழுந்தால் எங்கே ஆரம்பித்து எப்படித் தேடுவீர்கள், யூ.பி.எஸ். போனால் எந்தச் சாதனத்தை முதலில் அணைப்பீர்கள், இதைச் சொன்னால் நாற்காலியை முன்னே இழுத்து உட்கார்ந்து கேட்பார்கள்.

ஒரு குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் பார்த்தது பெரும்பாலும் வெளி உலகத்தோடு இணைப்பே இல்லாத நெட்வொர்க். கிளவுட் என்பது நம்மில் பலருக்கு வெறும் பெயர்தான். இணைய வேகம் குறைந்தால் வாடிக்கையாளர் போனில் கத்துவதும் நமக்குப் பழக்கமில்லை. இரண்டுமே ஆறு மாதத்தில் பழகிவிடும்.

என் டிரேடுக்கு வெளிய என்ன பேருன்னே தெரியலையே?

எக்ஸ்சேஞ்ச், ரவுட்டர், ஃபைபர் பார்த்தவர்கள் 'நெட்வொர்க் சப்போர்ட் இன்ஜினியர்' என்று தேடுங்கள். சர்வர் அறைச் சாவி வைத்திருந்தவர்கள் 'சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர்'. கிளார்க் டிரேடில் சம்பளம், ஸ்டோர்ஸ் கணக்கைக் கம்ப்யூட்டரில் பார்த்தவர்களுக்கு கம்பெனியின் கணக்கு, ஸ்டாக், அறிக்கைகளைக் கம்ப்யூட்டரில் நடத்தும் எம்.ஐ.எஸ்., ஈ.ஆர்.பி. சப்போர்ட் வேலைகள் பொருந்தும். கடற்படையில் ஜாம்நகர் வல்சுராவில் பயிற்சி எடுத்த எலக்ட்ரிகல்காரர்கள் டேட்டா சென்டரைப் பாருங்கள். அங்கே கம்ப்யூட்டரைவிடப் பெரிய வேலை மின்சாரமும் குளிரூட்டலும்தான். கடலடி கேபிள்கள் சென்னையில் கரையேறுவதால் சிறுசேரி, அம்பத்தூர் பக்கம் டேட்டா சென்டர்கள் நிறைய வந்திருக்கின்றன.

லாக் (கம்ப்யூட்டர் தானாக எழுதிவைக்கும் நடவடிக்கைப் பதிவு) பார்ப்பது, சந்தேகமான நடமாட்டத்தைக் கவனிப்பது என்று இருந்தவர்களுக்கு எஸ்.ஓ.சி. (நெட்வொர்க் பாதுகாப்பைக் கண்காணிக்கும் மையம்) அனலிஸ்ட் வேலை. சைபர் தாக்குதல் தெரியவந்தால் ஆறு மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-ல் உத்தரவு போட்டது. அதனால் ராத்திரியும் கண் விழித்துத் திரையைப் பார்க்க ஆள் தேவைப்படுகிறது. சென்ட்ரி டியூட்டி பார்த்தவனுக்கு இது புதுசா?

கோடிங் தெரியாதே, ஐ.டி.ன்னாலே கோடிங்தானே?

இல்லை. மேலே சொன்னவற்றில் முழுநேரமும் கோடு எழுதுகிற வேலை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் பைத்தானோ ஷெல் ஸ்கிரிப்டோ பத்துப் பதினைந்து வரி எழுதத் தெரிந்திருந்தால் நல்லது. ஐம்பது சுவிட்சில் ஒரே கட்டளையைக் கையால் அடிக்கிறவரையும் ஒரு ஸ்கிரிப்டில் முடிக்கிறவரையும் கம்பெனி ஒரே தட்டில் வைக்காது.

நான் பிளஸ் டூதான். 15 வருஷம் சர்வீஸ் இருந்தா டிகிரிக்குச் சமம்னு சொல்றாங்களே, அது போதாதா?

அது மத்திய அரசின் குரூப் சி வேலைகளுக்கான சலுகை. பத்தாவது தேறி 15 வருஷம் சர்வீஸ் முடித்தவரைப் பட்டதாரிக்குச் சமமாக அங்கே எடுத்துக்கொள்கிறார்கள். தனியார் கம்பெனியின் விண்ணப்பப் பக்கத்துக்கு இதெல்லாம் தெரியாது. டிகிரி என்ற கட்டத்தில் எதுவும் இல்லையென்றால் ஆள் பார்ப்பதற்கு முன்பே தள்ளிவிடும்.

சர்வீஸ் பாக்கி இருக்கிறதா? இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.சி.ஏ. சேர்ந்துவிடுங்கள், மூன்று வருஷம். வெளியே வந்தாகிவிட்டது என்றால் டிகிரியைப் பின்னால் ஓடவிட்டு, சான்றிதழ் தேர்வு ஒன்றை முன்னால் முடியுங்கள். சின்ன கம்பெனிகளில் தெரிந்தவர் மூலமாக ரெஸ்யூம் நேராக மேனேஜர் கைக்குப் போனால் டிகிரிக் கேள்வி பாதி அடங்கிவிடும். என் முதல் வேலை அப்படிக் கிடைத்ததுதான்.

பென்ஷன் வந்தப்புறம் ஆறு மாசம் ரெஸ்ட் எடுத்துட்டுத் தேடலாமா?

தாராளமாக ரெஸ்ட் எடுங்கள், ஆனால் படிப்பை முடித்துவிட்டு எடுங்கள். சர்வீஸின் கடைசிக் காலத்தில் டி.ஜி.ஆர். (படைவீரர் மறுவாழ்வைப் பார்க்கும் பாதுகாப்பு அமைச்சகப் பிரிவு) நடத்தும் ரீசெட்டில்மென்ட் கோர்ஸ் இருக்கிறது. ஜவான்களுக்கும் ஜே.சி.ஓ.க்களுக்கும் (சுபேதார் மாதிரி நிலையில் இருப்பவர்கள்) கட்டணம் கிடையாது. நம் ஆட்கள் பலர் வீட்டுக்குப் பக்கத்தில் எந்த கோர்ஸ் என்று பார்த்து எடுக்கிறார்களே தவிர, என்ன கோர்ஸ் என்று பார்ப்பதில்லை. வீடு கட்டும் வேலை இருந்ததால் நானும் அப்படித்தான் எடுத்தேன். அந்தச் சான்றிதழ் இன்னும் பீரோவில் தூங்குகிறது.

ஒரு வருஷத்துக்குள் வெளியே வரப்போகிறவர் முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் வரும் மத்திய அரசு வேலைகளுக்கு இப்போதே விண்ணப்பிக்கலாம். அதற்கு யூனிட்டில் என்.ஓ.சி., அதாவது தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். (கம்பெனியில் என்.ஓ.சி. என்றால் நெட்வொர்க் ஆபரேஷன்ஸ் சென்டர். முதல் வாரம் "நீங்க என்.ஓ.சி.க்குப் போங்க" என்று சொன்னபோது என்ன பேப்பர் வாங்கணும் என்று கேட்டேன்.)

சி.சி.என்.ஏ.வா, லினக்ஸா, எத்திக்கல் ஹேக்கிங்கா? எதுல சேரணும்?

உங்கள் கை ஏற்கெனவே பழகியதில். கேபிளும் ரவுட்டரும் பார்த்தவர் சிஸ்கோவின் நெட்வொர்க் தேர்வான சி.சி.என்.ஏ. சர்வர் பார்த்தவர் ரெட் ஹேட்டின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. இந்த இரண்டாவது தேர்வு முழுக்கச் செய்முறை. டிக் அடிக்கிற கேள்வியே இல்லை, ஒரு கணினியைக் கொடுத்துச் சரிசெய் என்பார்கள். மனப்பாடம் வராத, கை வேலை வருகிற ஆளுக்கு அது தோது. இரண்டுமே மூன்று வருஷம்தான் செல்லும். அதனால் வேலை தேடுவதற்கு இரண்டு வருஷம் முன்னால் எழுதி வைப்பதில் பிரயோஜனமில்லை.

எத்திக்கல் ஹேக்கிங் என்று போர்டு வைத்து லட்சம், ஒன்றரை லட்சம் கேட்கும் இடங்களைப் பற்றி என் அபிப்பிராயம் நல்லதாக இல்லை. ஒரு பாக்கெட் எந்த வழியாகப் போகிறது என்று தெரியாதவருக்கு அதை வழிமறிக்கச் சொல்லிக் கொடுப்பது எப்படி? முதலில் நெட்வொர்க், அப்புறம் செக்யூரிட்டி. என்.பி.டி.இ.எல். இணையதளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் பாடங்கள் இலவசம். அவற்றைப் பார்த்துப் பிடித்தால் பணம் கட்டுங்கள்.

ரெஸ்யூம்ல எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது?

செய்த வேலையை எழுதலாம். இடம், யூனிட், சிஸ்டத்தின் பெயர், எண்ணிக்கை, ஐ.பி. முகவரி, வரைபடம், போட்டோ எதுவும் கூடாது. 1923-ஆம் வருஷத்து அலுவல் ரகசியச் சட்டம் ஓய்வு பெற்ற அன்றோடு உங்களை விட்டுவிடாது. உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து என்று ஒரு கடற்படை வான்தளம் இருப்பது பஸ்ஸில் போகிற எல்லோருக்கும் தெரியும். உள்ளே எந்த ரவுட்டர் என்பது தெரியக் கூடாது. சந்தேகமாக இருந்தால் விட்டுவிடுங்கள், ரெஸ்யூமில் ஒரு வரி குறைந்ததால் யாருக்கும் வேலை போனதில்லை.

போன மாதம் ஒரு தம்பி கொண்டுவந்த ரெஸ்யூமில் இருந்தது: "அதிகாரிகள் இட்ட பணிகளை நேர்மையுடனும் ஒழுக்கத்துடனும் செய்து முடித்தேன்." என்ன பணி என்று கேட்டேன். அரை மணி நேரம் பேசிய பிறகு இப்படி மாற்றினோம்: "24 மணி நேரமும் இயங்கும் நெட்வொர்க்கில் ஷிஃப்ட் பொறுப்பு. ஃபைபர் அறுந்தால் ஓ.டி.டி.ஆர். வைத்து இடத்தைக் கண்டுபிடித்து ஸ்பிளைஸ் செய்வேன். வாரம் ஒருமுறை கான்ஃபிகரேஷன் பேக்கப். புதிதாக வந்தவர்களுக்குப் பயிற்சி." ஒரு ரகசியமும் வெளியே போகவில்லை, ஆள் யாரென்றும் தெரிகிறது.

அனுபவச் சான்று இல்லையே என்று காசு கொடுத்துப் போலிச் சான்றிதழ் வாங்க வேண்டாம். டிஸ்சார்ஜ் புக்கில் உங்கள் டிரேடு இருக்கிறது, கோர்ஸ் சான்றிதழ்கள் இருக்கின்றன. பின்னணிச் சரிபார்ப்பில் ரெக்கார்ட்ஸ் ஆபீஸிலிருந்து பதில் வரத் தாமதமாகும் என்பதை எச்.ஆரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிக்னல்ஸ் ரெக்கார்ட்ஸ் ஜபல்பூரில் இருக்கிறது என்பதே அவர்களுக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

இன்டர்வியூல என்ன கேப்பாங்க? எனக்கு இங்கிலீஷும் அவ்வளவா வராது.

கடையின் பின்னறையில் உட்காரவைத்து நானே ஒத்திகை பார்ப்பேன். "ஒரு யூசருக்கு வெப்சைட் திறக்கவில்லை, என்ன செய்வீர்கள்?" முக்கால்வாசிப் பேரின் முதல் பதில், "சீனியருக்கு ரிப்போர்ட் பண்ணுவேன் சார்." பட்டாளத்தில் அது சரியான பதில். இங்கே அந்த ஒரு பதிலோடு கதை முடிந்தது. அவருக்கு மட்டுமா, எல்லாருக்குமா? ஐ.பி.க்கு பிங் போகிறதா? போனால் வெப்சைட் பெயரை ஐ.பி.யாக மாற்றும் டி.என்.எஸ்.ஸைப் பார்ப்பேன். போகாவிட்டால் கேட்வே, அதுவும் இல்லையென்றால் கேபிள். இப்படி வாய்விட்டு யோசிப்பதைத்தான் அவர்கள் கேட்க நினைக்கிறார்கள்.

இங்கிலீஷைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நமக்குத் தொழில் பேச்சு முழுக்க இந்தியில் பதிந்துபோயிருக்கும். "லைன் டவுன் ஹை சாப்" என்று சொல்லியே பழகிய வாய். என் முதல் இன்டர்வியூவில் தமிழில் கேட்ட கேள்விக்கு இந்தியில் பதில் சொல்லிவிட்டு, கேட்டவர் முழிப்பதைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. தினமும் ஒரு பிரச்சினையை எடுத்து, அதை எப்படித் தீர்த்தேன் என்று ஐந்து நிமிஷம் எளிய இங்கிலீஷில் போனில் பதிவு செய்து கேளுங்கள். இரண்டு மாதம் போதும்.

செக்யூரிட்டி வேலைன்னுதான் எல்லா ஏஜென்சியும் கூப்பிடுறாங்க. போகலாமா?

அவசரத்துக்குப் போவதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் தெரிந்து போங்கள். எனக்கு ஒருதடவை ஒரு ஏஜென்சியிலிருந்து போன் வந்தது. "செக்யூரிட்டியில் அனுபவம் உண்டா?" என்றார்கள். ஃபயர்வால் பற்றிப் பத்து நிமிஷம் உற்சாகமாகப் பேசினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "சரி சார், உங்க உயரம் எவ்வளவு?" என்றார்கள்.

எனக்கு 39. டீம் லீடர் 25 வயசுப் பையன், பேர் சொல்லிக் கூப்பிடுறான். எப்படிச் சமாளிக்கிறது?

முதல் மாதம் எரியும். ஹவில்தார் மேஜராக இருந்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எரியாதா? ஆனால் அந்தப் பையன் அவனுடைய மேனேஜரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறான். அதில் அவமரியாதை இல்லை. உங்கள் பக்கத்தில் திருத்த வேண்டியது வேறு: தப்பாக ஒரு முடிவு எடுக்கிறார்கள் என்று தெரிந்தும் சும்மா இருப்பது. நமக்கு அது கீழ்ப்படிதல். அவர்களுக்கு அது, தெரிந்தும் சொல்லாத குற்றம்.

சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? பென்ஷன் வருதுன்னு சொல்லணுமா?

முதல் சம்பளம் நீங்கள் கடைசியாக வாங்கியதைவிடக் குறைவாக இருக்கும், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். பென்ஷன் வருகிறது என்பதைச் சம்பளம் பேசும்போது நீங்களாக எடுக்க வேண்டாம். "உங்களுக்குத்தான் பென்ஷன் வருதே" என்று குறைப்பதற்கு அது ஒரு சாக்கு. பென்ஷன் பழைய வேலைக்கான கூலி, புது வேலையின் விலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வேலையில் சேர்ந்த பிறகு அக்கவுன்ட்ஸ் பிரிவில் கட்டாயம் சொல்லிவிடுங்கள். பென்ஷன் தரும் அலுவலகம் பென்ஷனை மட்டும் பார்த்து வரி பிடிக்கும், கம்பெனி சம்பளத்தை மட்டும் பார்த்துப் பிடிக்கும். இரண்டு பேரும் தனித்தனியாக நிலையான கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) கொடுத்து, வரியில்லாத வரம்பையும் கொடுத்துவிடுவார்கள். சட்டப்படி அது ஒரு தடவைதான். ஜூலையில் ரிட்டர்ன் போட உட்காரும்போது பாக்கி வரியும் வட்டியும் சேர்ந்து நிற்கும். முதல் வருஷம் எனக்கு வந்த தொகையை வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை.

ஊரை விட்டுப் போக மனசில்லை. ராமநாதபுரம் பக்கமே பொழைக்க முடியுமா?

மாதச் சம்பளம் என்றால் இங்கே வாய்ப்பு கம்மி. பக்கத்தில் ஐ.டி. கம்பெனிகள் என்றால் மதுரை இலந்தைக்குளம், வடபழஞ்சி எல்காட் வளாகங்கள்தான். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம், வழுதூரில் எரிவாயு மின் நிலையம் இருக்கின்றன. மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் டான்ஃபிநெட் திட்டம் இருக்கிறது. ஃபைபரும் கன்ட்ரோல் சிஸ்டமும் தெரிந்தவர் இவற்றின் ஒப்பந்தக்காரர்களிடம் விசாரிக்கலாம்.

சொந்தத் தொழில் என்றால் வேலைக்குப் பஞ்சமில்லை, ஏனென்றால் இங்கே எல்லாம் சீக்கிரம் கெட்டுப்போகும். தங்கச்சிமடத்தில் ஒரு ஐஸ் பிளான்ட். கேமரா விட்டு விட்டு வருகிறது என்று கூப்பிட்டார்கள். அதற்குள் இரண்டு பேர் சுவிட்சை மாற்றிவிட்டுப் போயிருந்தார்கள். போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் பின்கள் எட்டில் மூன்றில் பச்சை பூத்திருந்தது. உப்புக் காத்து. கேபிள் பெட்டிக்குள் மேலிருந்து நேராக இறங்கியதால், ராத்திரிப் பனி அதன் வழியே சொட்டி கனெக்டரில் நின்றிருக்கிறது. கேபிளைக் கீழிருந்து ஒரு வளைவு விட்டு ஏற்றி, துளையை அடைத்து, புது கனெக்டர் போட்டோம். சாமான் செலவு இருநூறு ரூபாய்கூட இல்லை. எல்லைப் பகுதியில் மழையில் நனைந்து லைன் பார்த்தவனுக்கு இது கண்ணை மூடிக்கொண்டு தெரியும். சென்னையிலிருந்து வருகிற டெக்னீஷியன் சுவிட்சைத்தான் மாற்றுவான்.

விசைப்படகுகளில் இஸ்ரோ தொழில்நுட்பத்தில் செய்த செயற்கைக்கோள் வழியாகத் தகவல் அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் மாட்டுகிறார்கள். நாடு முழுக்க ஒரு லட்சம் படகு என்பது திட்டம். ரேடியோ தெரிந்தவர்களுக்கு அந்தப் பக்கமும் ஒரு கண் இருக்கட்டும். முதலுக்கு, முன்னாள் படைவீரர்களுக்கான முதல்வரின் காக்கும் கரங்கள் திட்டத்தில் ஒரு கோடி ரூபாய் வரை கடன், 30 சதவீத மூலதன மானியம் உண்டு. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். கிடைக்கிறது என்பதற்காக ஒரு கோடி வாங்க வேண்டாம். நான் ஃபைபரை ஒட்டும் ஒரு ஸ்பிளைஸிங் மெஷினோடு ஆரம்பித்தேன், அதுவும் செகண்ட் ஹேண்ட்.

அரசு வேலைக்கும் எழுதிட்டு இருக்கேன். நடுவுல தனியார்ல சேர்ந்தா எக்ஸ்சர்வீஸ்மேன் கோட்டா போயிடுமா?

போகாது. மத்திய அரசின் விதிப்படி, ஒதுக்கீட்டைப் பயன்படுத்தி அரசு வேலையில் சேர்ந்த பிறகுதான் அடுத்த வேலைக்கு அது கிடைக்காது. அதிலும், சேர்வதற்கு முன்பே வேறு வேலைகளுக்கு விண்ணப்பித்திருந்தால் சேர்ந்தவுடன் அந்த விவரத்தை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இந்தக் காகிதத்தைக் கொடுக்க மறந்து, இரண்டாவதாக வந்த நல்ல வேலையை இழந்தவரை எனக்குத் தெரியும்.

வயது வரம்பில் சர்வீஸ் செய்த வருஷங்களோடு இன்னும் மூன்று வருஷம் சலுகை உண்டு. ஒரு எச்சரிக்கை: பென்ஷன் தகுதி வருவதற்கு முன் சொந்த விருப்பத்தில் எழுதிக் கொடுத்து வெளியே வந்தவருக்கு முன்னாள் படைவீரர் தகுதியே கிடையாது. 13 வருஷத்தில் வெளியே வரலாமா என்று கேட்கும் தம்பிகளே, இதைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

நான் அக்னிவீர். நாலு வருஷத்துல வெளிய வந்துருவேன். மேல சொன்னதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

பாதிதான் பொருந்தும். 2022-ல் வந்த இந்தத் திட்டத்தில் நாலில் ஒருவர் வரைதான் தொடர முடியும். மற்றவர்களுக்குப் பென்ஷனும் முன்னாள் படைவீரர் அந்தஸ்தும் இல்லை. சேவா நிதியாக வட்டியோடு சுமார் 11.71 லட்சம் கையில் வரும், அதற்கு வரி இல்லை. உங்கள் பலம் வயது. 23 வயதில் எந்தக் கம்பெனியும் உங்களை ஃபிரஷராகவே எடுக்கும்.

அக்னிவீரர்களுக்காகவே இக்னோ ஒரு இளங்கலைப் படிப்பு வைத்திருக்கிறது. பாதி மதிப்பெண் அலகு படையில் பெற்ற பயிற்சிக்கே கிடைக்கும். அதை முடித்துவிட்டு வாருங்கள். பதினோரு லட்சத்தில் முதல் மாதமே பைக் வாங்க வேண்டாம் என்று சொன்னால் கேட்கவா போகிறீர்கள்.

ஒரு ஃபாரின் கம்பெனி மேடம் லிங்க்டின்ல பேசுறாங்க. பழைய அனுபவத்தை வச்சு ஒரு ரிப்போர்ட் எழுதித் தந்தா டாலர்ல பணமாம். செய்யலாமா?

கூடாது. முதல் ரிப்போர்ட்டில் செய்தித்தாளில் வருவதைக் கேட்பார்கள், பணமும் சரியாக வரும். மூன்றாவதில் கேட்பதுதான் அவர்களுக்கு உண்மையில் வேண்டியது. ரெஸ்யூம் கேள்வியில் சொன்ன அதே சட்டம் இங்கேயும். ஏற்கெனவே பேசிவிட்டீர்கள் என்றால் அழித்துவிட்டு ஒளிய வேண்டாம். பேச்சு முழுவதையும் அப்படியே வைத்துக்கொண்டு போலீஸில் சொல்லுங்கள்.

வீட்டுக்காரர் வந்து எட்டு மாசம் ஆச்சுண்ணே. யார்கிட்டயும் வேலை கேக்க மாட்டேங்கிறார், கடற்கரைக்குப் போய் உக்காந்துட்டு வர்றார். என்ன செய்யிறது?

இதைக் கேட்டது ஒரு தங்கச்சி, போனில். வேலை கேட்பது நம் ஆட்களுக்கு வராது அம்மா. இருபது வயதில் ஆள் எடுப்பில் ஓடி ஜெயித்த பிறகு அவர் யாரிடமும் எனக்கு வேலை கொடுங்கள் என்று கேட்டதே இல்லை. போஸ்டிங் தானாக வந்தது, சாப்பாடு தானாக வந்தது. வேலை தேடச் சொல்லாமல், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலோ பக்கத்துக் கடையிலோ கெட்டுக் கிடக்கும் ஒரு கம்ப்யூட்டரை அவர் முன்னால் கொண்டுவந்து வையுங்கள். தூக்கமும் பேச்சும் ரொம்பக் குறைந்திருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் இ.சி.எச்.எஸ். கார்டு அதற்கும் செல்லும்.

உங்ககிட்ட வந்தா வேலை வாங்கித் தருவீங்களா?

தர முடியாது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மேல் கடை பின்னறை திறந்திருக்கும். இரண்டு பழைய சிஸ்கோ சுவிட்ச், ஒரு ரவுட்டர், லினக்ஸ் போட்ட மூன்று கம்ப்யூட்டர் இருக்கின்றன. வருகிறவர் எதையாவது கெடுத்துவைக்க வேண்டும், அடுத்தவர் அதைச் சரிசெய்ய வேண்டும். கேபிளில் கனெக்டர் மாட்டும் கிரிம்பிங் டூல் மட்டும் அவரவர் கொண்டுவாருங்கள், இதுவரை மூன்று காணாமல் போய்விட்டன.